எங்கள் தெருவுக்கு ரோஜாவின் பெயர் வேண்டாம்

கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் கட்டினார்கள். 2025 அக்டோபர் 9 அன்று முதல்வர் திறந்துவைத்தார். பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர். அதற்குச் சற்று முன்னால்தான் ஊர், தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை நீக்கச் சொல்லி இதே அரசு அரசாணை போட்டிருந்தது. ஆணையின் ஈரம் காயவில்லை, பாலத்தின் மேல் 'நாயுடு' ஏறிவிட்டார்.

பிறகு என்ன, தொலைக்காட்சிகளுக்குக் கொண்டாட்டம். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று ஒரு தரப்பு. "நாயுடுவை எடுத்துவிட்டு வெறும் ஜி.டி. பாலம் என்று வைத்தால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியுமா?" என்று மறு தரப்பு. சாதி ஒழிப்பில் அதுவரை அக்கறை காட்டாத பலரும் அந்த ஒரு வாரம் சாதி ஒழிப்புப் போராளிகள் ஆனார்கள்.

தோழர்களே, ஜி.டி. நாயுடு என்ற மனிதரோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மோட்டார் செய்து, பேருந்து ஓட்டி, தொழிற்கல்விக்கு உழைத்தவர். கோவைக்காரர்கள் அவரை நினைவில் வைக்க நினைப்பது நியாயம். நமக்குச் சண்டை வேறு இடத்தில். அந்த வாரம் முழுக்க ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை. 'நாயுடு'வை எடுத்தால் மிச்சம் ஜி.டி. இருக்கும். பறைச்சேரியில் 'பறை'யை எடுத்தால் மிச்சம் யார் இருப்பார்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் தெருப்பெயர் அரசியலின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

சென்னை ஜார்ஜ் டவுனுக்குப் போங்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு. எல்லாம் ஒரு காலத்துப் பெரும்புள்ளிகளின் பெயர்கள். அங்கே சாதி, ஒரு மனிதனின் பெயருக்குப் பின்னால் வரும் வால். முதலில் ஆள், பிறகு சாதி. வாலை அறுத்தாலும் தம்பு நிற்பார், லிங்கி நிற்பார்.

இப்போது நம் தெருக்களுக்கு வாருங்கள். பறைச்சேரி, பள்ளத்தெரு, சக்கிலியர் தெரு, அரிசன காலனி, ஆதிதிராவிடர் காலனி. இதில் ஆள் எங்கே? பெயருள்ள ஒரு மனிதன் எங்கே? ஒரு தாத்தா, ஒரு பாட்டி, ஒரு வாத்தியார், ஒரு தொழிற்சங்கக்காரர், எவராவது உண்டா? இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னை வரைபடத்திலும் 'பறைச்சேரி' என்றுதான் குறித்து வைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் கோட்டைக்குக் கல் சுமந்தார்கள், கப்பலில் சரக்கு ஏற்றினார்கள், வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்தார்கள், பட்டாளத்தில் நின்றார்கள். வரைபடம் போட்டவனுக்கு அவர்களில் ஒருவரின் பெயர்கூடத் தேவைப்படவில்லை. 'இங்கே இன்ன சாதி இருக்கிறது, எச்சரிக்கை' என்பது மட்டும் போதுமானதாக இருந்தது.

ஆகவே, 'எல்லாச் சாதிப் பெயரையும் சமமாக அழிக்கிறோம்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. விளைவு சமமாக இருக்காது. ஒருவனிடம் வாலை அறுக்கிறார்கள், பெயர் மிஞ்சுகிறது. இன்னொருவனிடம் இழிவை அழிக்கிறார்கள், வெற்றுப் பலகை மிஞ்சுகிறது. வெற்றுப் பலகையில் எழுத என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பேச்சு ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் போகிறது. எந்தச் சாதிக்காரனுக்கும் கோபம் வராத பெயர்கள். ரோஜா யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை, மல்லிகை கூலி உயர்வு கேட்டதில்லை.

அழிப்பதே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அழிக்க வேண்டும். 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தபோது அதை வரவேற்றோம். வேலைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளை, முகவரி எழுதும் இடத்தில் பேனாவை ஒரு கணம் நிறுத்துகிறதே, அந்தக் கணத்தின் வலி நமக்குத் தெரியும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் 'சொந்த ஊரில் எந்தத் தெரு?' என்று ஏன் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். அந்த ஒரு சொல்லில் சாதிச் சான்றிதழே அடங்கியிருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

ஆனால் அழிப்போடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு முன்னனுபவம் இருக்கிறது. 1970களின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சென்னைத் தெருப் பலகைகளில் சாதிப் பின்னொட்டுகள் தார் பூசி அழிக்கப்பட்டன. என்ன நடந்தது? பலகையில் போனது வாயில் போகவில்லை. பல தெருக்களில் கடைப் பலகையிலும் அழைப்பிதழிலும் பழைய பெயர் அப்படியே தொடர்ந்தது. சேரி சேரியாகவே இருந்தது. தார் டப்பாவோடு அரசின் வேலை முடிந்துவிட்டது.

2025இன் அரசாணையும் நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபரிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பெயர் மாற்றத்தில் இறுதி முடிவு எடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, நம் கேள்வி அப்படியேதான் நிற்கும். அழித்த இடத்தில் யார் பெயரை எழுதப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு இந்த மண் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 1997ஐ இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

அன்று தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மன்னர்கள், தலைவர்கள் பெயர்கள் இருந்தன. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பேருந்துகள் ஓடின. பெரியார் மாவட்டம், காமராசர் மாவட்டம், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் இருந்தன. யாருக்கும் சிரமமில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்கிறது அன்றைய தி.மு.க. அரசு. யார் சுந்தரலிங்கம்? கட்டபொம்மனின் படையில் தளபதியாக நின்று கும்பினியை எதிர்த்து உயிர்விட்டவர். கவர்னகிரிக்காரர். தேவேந்திரர்.

அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன, உயிர்கள் போயின. கட்டபொம்மன் பெயர் போட்ட பேருந்தில் இத்தனை காலம் ஏறி இறங்கியவர்களுக்கு, அவருடைய தளபதியின் பெயர் போட்ட பேருந்தில் ஏறக் கால் வரவில்லை. அதே டீசல், அதே இருக்கை, அதே கட்டணம். பக்கவாட்டில் எழுதிய பெயர் மட்டும் வேறு.

அரசு என்ன செய்தது? எதிர்த்தவர்களைப் பார்த்து, 'ஏறாவிட்டால் நடந்து போங்கள்' என்று சொல்லவில்லை. எல்லாத் தலைவர்கள் பெயரையும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் ஒட்டுமொத்தமாக நீக்கியது. பெரியார் மாவட்டம் ஈரோடானது. வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் வேலூரானது. சேரனும் பாண்டியனும் போய் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' வந்தது. இன்று நீங்கள் ஏறும் அரசுப் பேருந்தில் எந்தத் தலைவர் பெயரும் இல்லாததன் வரலாறு இதுதான். ஒரு தலித் பெயரைச் சகிக்க முடியாததால் எல்லாப் பெயரும் போயிற்று. அதற்குப் 'பொதுமை' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

இதனால்தான் 'பொதுவான பெயர்', 'யாருக்கும் பிரச்சினை இல்லாத பெயர்' என்ற சொற்களைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வருகிறது. நம் ஆள் பலகைக்கு வரும் நாள் வரை எல்லாப் பெயரும் செல்லும். நம் ஆள் வந்ததும், 'இனிப் பெயரே வேண்டாம், அமைதி முக்கியம்' என்பார்கள்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அவுரங்காபாத்தில் இருந்த மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க மகாராஷ்டிர சட்டமன்றம் 1978 ஜூலை 27 அன்று தீர்மானம் போட்டது. அவர் கல்வி நிறுவனம் தொடங்கிய ஊர் அது. தீர்மானம் வந்ததும் மராத்வாடா முழுக்க தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. பெயர் மாற 1994 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் முழுதாக மாறவில்லை. பழைய 'மராத்வாடா'வையும் சேர்த்து வைத்துத்தான் சமரசம் செய்தார்கள். ஆந்திராவில் 2022இல் கோனசீமா மாவட்டத்தின் பெயரோடு அம்பேத்கர் பெயரைச் சேர்ப்பதாக அறிவித்தபோது, மே 24 அன்று அமலாபுரத்தில் ஒரு அமைச்சரின் வீட்டுக்கே தீ வைத்தார்கள். அரசியல் சட்டத்தை எழுதியவரின் பெயருக்கே இந்த வரவேற்பு என்றால், நம் ஊர் மாரியம்மாளுக்கும் முனுசாமிக்கும் என்ன கிடைக்கும்?

ஏன் ஒரு பெயருக்கு இவ்வளவு ஆத்திரம்? காரணம் எளிது. மணிமண்டபத்துக்கு விருப்பப்பட்டவர் வருஷத்துக்கு ஒருநாள் போய் மாலை போட்டால் போதும். சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் அடைத்துவிடலாம். ஆனால் பொதுச் சாலையின் பெயர் அப்படியல்ல. அந்தச் சாலையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைத் தன் முகவரியாக எழுத வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தன் வீட்டை ஒரு தலித் பெயரால் அடையாளம் சொல்ல வேண்டிய நிலை சாதி மனத்துக்குத் தாங்காது. நம் பெயர் ஊருக்குள் குடியேறுகிறது, கூட நாமும் வந்துவிடுவோம் என்ற பயம் அது.

இதனால்தான் நம் தலைவர்களின் பெயர்களை நமக்கே திருப்பித் தருகிறார்கள். சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! எம்.சி. ராஜா பாடப்புத்தகங்கள் எழுதிய ஆசிரியர், நூறாண்டுக்கு முன்பே சென்னைச் சட்டமன்றத்தில் நமக்காகப் பேசியவர். அவர் பெயர் ஆதிதிராவிடர் மாணவர் விடுதியில் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அவர் விடுதிக்கு மட்டும் உரியவரா? அம்பேத்கர் பெயரும் எங்கே கிடைக்கிறது? பெரும்பாலும் 'அம்பேத்கர் நகர்', 'அம்பேத்கர் தெரு' என்று நம் குடியிருப்புகளில். இன்று 'அம்பேத்கர் நகர்' என்றாலே கேட்பவருக்குச் சாதி தெரிந்துவிடுகிறது. 'காலனி' செய்த வேலையை, நம் தலைவர் பெயரை வைத்தே செய்கிறார்கள். பெயர் மாறிவிட்டது, எல்லைக்கோடு மாறவில்லை.

இந்த இடத்தில் இரட்டைமலை சீனிவாசனை நினைக்காமல் இருக்க முடியாது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள். தெருவில் நடக்கவே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட மக்கள் நாம். அந்தத் தெருக்களைச் சட்டப்படி எல்லாருக்கும் திறந்துவிட்டவர் அவர். தமிழ்நாட்டின் 'பொதுத் தெரு' என்ற கருத்துக்கே அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். உங்கள் நகரத்தில் அவர் பெயரில் எத்தனை பொதுச் சாலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சேரிக்குள் இருப்பதை எண்ணாதீர்கள். கடைவீதியிலும் பேருந்து நிலையச் சாலையிலும் இருப்பதை எண்ணுங்கள். இராயப்பேட்டையிலிருந்து 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதரை, 1945இல் சென்னை மேயராக இருந்த சிவராஜை, ஷெட்யூல்டு வகுப்பார் இயக்கத்தில் முன்னணியில் நின்ற மீனாம்பாளை இதேபோல எண்ணிப் பாருங்கள்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

'பெயரில் என்ன இருக்கிறது, நிலமும் வேலையும்தானே முக்கியம்?' பெயரில் ஒன்றுமில்லை என்றால் விட்டுக்கொடுங்களேன். ஒன்றுமில்லாததற்கு ஏன் பேருந்தைக் கொளுத்தினீர்கள்? பஞ்சமி நிலத்தையும் கேட்போம், பலகையையும் கேட்போம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை மறந்துவிடுவோம் என்று யாரும் மனப்பால் குடிக்க வேண்டாம்.

'தெருப்பெயர் வரலாறு, மாற்றினால் வரலாறு அழியும்.' யார் வரலாறு? சுந்தரலிங்கத்தின் பெயர் அழிக்கப்பட்டபோது இந்த வரலாற்றுப் பிரியர்கள் எங்கே இருந்தார்கள்? பழைய பெயரை ஆவணத்தில் வையுங்கள், நூலில் எழுதுங்கள். எங்கள் பிள்ளையின் நெற்றியில் எழுதாதீர்கள்.

'நீங்களும் உங்கள் சாதித் தலைவர் பெயரைத்தானே கேட்கிறீர்கள்?' தெருவை எல்லாருக்கும் திறந்தவரைச் சாதித் தலைவராகப் பார்ப்பது உங்கள் கண்ணின் கோளாறு.

'ஆதார், ரேஷன் அட்டை, பட்டா, வங்கிக் கணக்கு எல்லாம் மாற்ற வேண்டும், ஏழைகளுக்குத்தானே அலைச்சல்?' இந்த ஒரு கேள்வி நியாயமானது, நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. தினக்கூலிக்குப் போகும் ஒருவர் பெயர் மாற்றத்துக்காக மூன்று நாள் தாலுகா ஆபீஸில் நின்றால் மூன்று நாள் கூலி போகும். அதனால் பெயரை மாற்றும் அரசே அந்தத் தெருவுக்கு முகாம் போட்டு எல்லா ஆவணத்தையும் இலவசமாக மாற்றித் தர வேண்டும். அதுவரை பழைய முகவரி செல்லும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். அலைச்சலைக் காரணம் காட்டி இழிவைத் தொடரச் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது.

நமக்குள்ளேயும் ஒரு விவாதம் இருக்கிறது. 'பறையர் என்ற சொல்லை ஏன் ஒளிக்க வேண்டும்? இரட்டைமலையாரே 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றுதானே பெயர் வைத்தார்?' என்று கேட்கும் பெரியவர்கள் நம் தெருக்களில் உண்டு. மதிக்க வேண்டிய குரல் இது. அவர் தானே எடுத்துச் சூடிய பெயர் அது, அடுத்தவன் எழுதி மாட்டிய பலகையல்ல. வித்தியாசம் அங்கேதான். எனவே முடிவு அந்தத் தெருவில் வாழ்பவர்களுடையது. கோட்டையில் உட்கார்ந்து அதிகாரி ஒரு பட்டியலிலிருந்து 'தாமரைத் தெரு' என்று எடுத்து ஒட்டுவதும் அடுத்தவன் வைக்கும் பெயர்தான். அதற்கு மணம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

மாணவத் தோழர்களே, பின்னூட்டத்தில் ஆவேசப்படுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

உங்கள் வார்டின் தெருப்பெயர்களைப் பட்டியல் எடுங்கள். எத்தனை தெருவில் ஆள் பெயர், எத்தனை தெருவில் வெறும் சாதி என்று பிரித்து எழுதுங்கள். அந்த ஒரு தாளே ஆயிரம் கட்டுரைக்குச் சமம். பிறகு உங்கள் பகுதியின் பெரியவர்களிடம் உட்காருங்கள். முதல் பள்ளியைத் தொடங்கியவர் யார், ஆலை வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர் யார், துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர் யார், இரவு பகல் பாராமல் பிரசவம் பார்த்த ஆயா யார், டீக்கடைத் தனிக்குவளையை முதலில் உடைத்தவர் யார் என்று கேளுங்கள். சொல்வதைக் குரல்பதிவு செய்யுங்கள், தேதியோடு எழுதுங்கள். பெண்களை மறக்காதீர்கள், நம் வீடுகளிலும் அவர்கள் பெயர்தான் முதலில் தொலைகிறது.

பெயர் கிடைத்ததும் கையெழுத்து வாங்குங்கள். கிராமமென்றால் கிராம சபையில், நகரமென்றால் வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபையிலும் மனுவாக வையுங்கள். மன்றத்தில் தீர்மானமாக்கக் கேளுங்கள். மனுவில் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இந்தப் பெயர் எங்கள் குடியிருப்புக்குள் இருக்கும் சந்துக்கு மட்டும் அல்ல, ஊரின் பொதுச் சாலைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வேண்டும். 'உங்கள் தெருவுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்' என்று சமரசம் பேச வருவார்கள். ஏற்காதீர்கள். அது சேரியைச் சேரியாகவே வைத்திருக்கும் ஏற்பாடு.

அரசுக்கும் மாநகராட்சிகளுக்கும் நம் கோரிக்கை இவ்வளவுதான். இழிவுப் பெயர்களை அழியுங்கள். அழித்த இடத்தில் அந்த மண்ணில் உழைத்த, போராடிய மனிதர்களின் பெயரை, அங்கே வாழ்பவர்களைக் கேட்டு எழுதுங்கள். எதிர்ப்பு வந்தால் 1997இல் ஓடியது போல ஓடாதீர்கள். பெயர்ப் பலகைக்குத் தார் பூசுகிறவன் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுங்கள். பலகையை மறுநாளே திரும்ப நடுங்கள். இன்னும் ஒரு கோவைப் பாலத்துக்கோ மதுரைச் சாலைக்கோ பெயர் தேடும்போது, எங்கள் பட்டியலையும் மேசையில் வைத்துப் பேசுங்கள்.

பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. உங்கள் தெருவின் பெயரையும், வர வேண்டிய ஆளின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.